கலியாண எழுத்து மறுக்கப்பட்டவர்கள்

சட்டமும் நாமும்



சென்ற மாதம் பூனாகலைத் தோட்டப் பகுதியில் பெண்கள் குழுவொன்றைச் சந்திக்கப் போயிருந்தோம். பண்டாரவளையிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பஸ்ஸில் போய் இறங்கியபோது மூடுபனி இறங்கிவிட்டது. பின்னேரக் கொழுந்தை நிறுத்து முடித்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக் கூட அவிழ்க்காமல் பலர் புள்ளக்காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றைய கூட்டம் பதிவுகள் பற்றியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், மரண அத்தாட்சிப் பத்திரம், சேமலாப நிதிப் படிவம் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையையும் 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையையும் மண் மூடியதைக் கண்டவர்கள் அவர்கள். ஆவணங்களைப் பொலித்தீன் பையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

தேநீர் குடிக்கும் வேளையில் ஒரு பிள்ளை தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டியது. தாய்லாந்தில் இரண்டு பெண்கள் மாலையும் கையுமாக விவாகப் பதிவு செய்துகொள்ளும் காட்சி. அங்கே 2025 ஜனவரி 23 முதல் அப்படியான திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. தொலைபேசி கைமாறக் கைமாறச் சிரிப்பும் கூடியது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது வயதான ஓர் அம்மா கேட்டார்:

"ஏன் மிஸ், சேந்து இருக்கணும்னா பேசாம இருந்துட்டுப் போக வேண்டியதுதானே? நம்ம லயத்துலயும் ரெண்டு பொம்பளைங்க ஒரே அடுப்புல பொங்கித் தின்னுக்கிட்டு காலம் முழுக்க இருந்திருக்காங்க. யாரு என்னா கேட்டா? அதுக்கு எதுக்குக் கோட்டு, கேசு, ரிஜிஸ்டர் எல்லாம்?"

நல்ல கேள்வி. நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே இன்னொருவர் பேசத் தொடங்கினார்.

தாலியைப் போட்டோகொப்பி எடுக்க முடியாது

அவருடைய குடும்பம் 1983 வன்செயலுக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போனது. 2007இல், பிள்ளையை இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் பெற்றோர் பதினேழு வயதில் அவசர அவசரமாகக் கட்டிவைத்தார்கள். பதினெட்டு ஆகாததால் பதிவாளரிடம் போகவும் முடியவில்லை. 2009இல் கணவர் காணாமற்போனார். முகாமிலிருந்து வெளியே வந்தபின் கைக்குழந்தையோடு சின்னம்மா வீட்டுக்கு, இந்த மலைக்கே திரும்பி வந்தார்.

"எழுத்து எதுக்குன்னு என்னையக் கேளுங்க பெரியம்மா. எந்த ஒப்பீசுக்குப் போனாலும் சேட்டிபிகேட் எங்கேன்னாங்க. அவர் எனக்கு யாருன்னு கேட்டாங்க. கழுத்துல தாலி இருந்துச்சு. தாலிய போட்டோகொப்பி எடுத்துக் குடுக்க முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்களில் எத்தனை பேருக்குப் பழக்கமானது! "அவர் உங்களுக்கு என்ன முறை?" நட்டஈட்டுக்கும், மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கும், காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கும் வரிசையில் நின்ற எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறோம். இருவர் சேர்ந்து வாழும் காலத்தில் பதிவுக் கடதாசி பெட்டியின் அடியில் கிடக்கும். ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழும்போதும், பிடிபட்டுப் போகும்போதும், இறக்கும்போதும்தான் அது வெளியே வருகிறது. அது இல்லாவிட்டால் கூட வாழ்ந்தவர் ஒரு நிமிடத்தில் அந்நியராகிவிடுகிறார்.

மலையக மக்களுக்கு இது இன்னும் பழைய பாடம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு முழுச் சமூகத்தையும் கடதாசி இல்லாதவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின், யாருக்கு எந்த நாட்டுக் கடதாசி கிடைத்தது என்பதைப் பொறுத்து அண்ணன் அந்தக் கரைக்கும் தங்கை இந்தக் கரைக்கும் பிரிந்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது.

பதிவு இல்லாத அந்தச் சகோதரிக்கு ஒரு வழி உண்டு. சடங்கு முறைப்படி நடந்த திருமணத்தையும், ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததையும் சாட்சிகளோடு காட்டினால் அதை விவாகமாக ஏற்க எமது நீதிமன்றங்களில் இடமிருக்கிறது. கஷ்டமான வழிதான், ஆனால் வழி. இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ முப்பது வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருந்தாலும் இலங்கையில் அவர்களுக்கு அந்த வழி கூட இல்லை. பதிவாளரிடமும் போக முடியாது, ஊரைச் சாட்சிக்கு அழைக்கவும் முடியாது. பெரியம்மாவின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. அவர்கள் நீதிமன்றம் போவது கலியாணக் கொண்டாட்டத்துக்காக அல்ல. "நீங்கள் யார்?" என்று கேட்கப்படும்போது சொல்ல ஒரு பதில் வேண்டும் என்பதற்காக.

ஒரு புரூச்சும் ஒரு மரண அத்தாட்சிப் பத்திரமும்

அமெரிக்காவில் ஈடித் வின்சர், தியா ஸ்பையர் என்று இரு பெண்கள் 1960களிலிருந்து ஒன்றாக வாழ்ந்தார்கள். 1967இல் தியா, திருமண உறுதிக்கு அடையாளமாக மோதிரத்துக்குப் பதில் வைரம் பதித்த புரூச் ஒன்றைக் கொடுத்தார். மோதிரம் போட்டால் வேலைத்தலத்தில் "யார் அந்த மாப்பிள்ளை?" என்று கேட்பார்களே என்ற பயம். பின்னர் தியாவுக்கு நரம்பு நோய் வந்து மெல்ல மெல்லக் கைகால் விளங்காமற் போனது. ஈடித்தான் வருடக்கணக்காகப் பராமரித்தார். 2007இல் கனடாவின் ரொறொன்ரோவுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்தார்கள். 2009இல் தியா காலமானார். தியா விட்டுச் சென்ற சொத்துக்காக 363,053 டொலர் வரி கட்டும்படி ஈடித்துக்கு அறிவித்தல் வந்தது. கணவனை இழந்த மனைவிக்கு அந்த வரி இல்லை. ஆனால் சமஷ்டிச் சட்டத்தின் கண்ணில் ஈடித் விதவையே அல்ல.

அவர் வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 84.

ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஒபெர்கெஃபெல் கேட்டது அதையும் விடச் சிறியது. அவருடைய துணைவர் ஜோன் ஆதர் குணமாகாத நோயால் படுத்த படுக்கையாக இருந்தார். அவர்களுடைய மாநிலத்தில் திருமணம் செய்ய முடியாது. 2013 ஜூலையில் நோயாளரை விமானத்தில் ஏற்றி மேரிலாண்டுக்குக் கொண்டுபோய், விமானத்தை விட்டு இறக்காமலே திருமணத்தை நடத்தினார்கள். மூன்று மாதத்தில் ஜோன் இறந்தார். அவருடைய மரண அத்தாட்சிப் பத்திரத்தில் வாழ்க்கைத் துணை என்ற இடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஜிம் வழக்காடினார். மாநிலம் அதை எதிர்த்தது. அந்த வழக்கில்தான் 2015 ஜூன் 26இல், ஒன்பது நீதியரசர்களில் ஐவரின் முடிவோடு, அமெரிக்கா முழுவதும் ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டமானது.

மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர்! அதன் பாரம் என்னவென்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் நாட்டில்

இங்கே திருமணம் பற்றிப் பேச இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. முதலில் அது குற்றமாக இல்லாமற்போக வேண்டும். பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள், ஒரே பாலினத்தவர் இணங்கி உறவு கொள்வதைக் கூடக் குற்றமாக்குகின்றன. 365அ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தொடக்கத்தில் அப்பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் செய்த திருத்தத்தில் "ஆண்" என்ற இடத்தில் "ஆள்" என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து பெண்களும் அதற்குள் அகப்பட்டார்கள். பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி எங்களுக்குப் பாதுகாப்புத் தந்ததும் அதே 1995ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் சில பெண்களிடமிருந்து பறித்திருக்கிறது.

"இந்தச் சட்டத்தில் யாரைப் பிடிக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். வழக்குப் போடாமலே ஒரு சட்டம் வேலை செய்யும். "பொலிஸில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு வார்த்தை போதும். பணம் பறிக்கவும், சம்மதமில்லாத கல்யாணத்துக்கு இணங்க வைக்கவும், வீட்டில் பூட்டி வைக்கவும் அந்த வார்த்தை உதவுகிறது.

2022 ஜூனில் அக்கரைப்பற்றில் நடந்ததைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் அங்குள்ள தன் சிநேகிதியைத் தேடி வந்தார். வீட்டார் பொலிஸில் முறையிட்டார்கள். விடயம் நீதவான் முன் போனது. இருவரையும் உளநலப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கட்டளை பிறந்தது. மனித உரிமை அமைப்புகள் இதைக் கண்டித்தன. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து 1990 மே 17இலேயே நீக்கிவிட்டது.

எங்கள் நீதிமன்றங்கள் ஏன் இந்தப் பழைய சட்டத்தை நீக்கவில்லை? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. பெண்களுக்குப் பாதகமான பழைய தனியாள் சட்டங்களை மாற்றப் போராடும் சகோதரிகளும் முட்டி மோதுவது இதே சுவரில்தான். ஆகவே 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்கில் தீர்ப்பளித்தபோது, குற்றத் தீர்ப்பை நீக்காமல், சிறைத் தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றினார்கள். வளர்ந்தவர்கள் இணங்கிச் செய்யும் அந்தரங்க விடயத்தில் அரசு தலையிடுவது பொருத்தமில்லை என்ற இக்காலக் கருத்தையும் தீர்ப்பில் குறிப்பிட்டார்கள்.

ஒரு பெண் வேறொரு கதவைத் தட்டினார். ரொசானா ஃபிளேமர்–கல்தேரா, 2004இல் ஈக்குவல் கிரவுண்ட் என்ற அமைப்பை ஆரம்பித்தவர். பெண்களுக்கெதிரான சகலவித பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை, நாங்கள் கூட்டங்களில் சீடோ என்று சொல்வதை, இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. அதன் கீழுள்ள ஐக்கிய நாடுகள் குழுவிடம் 2018இல் அவர் முறையிட்டார். 2022 பெப்ரவரியில் குழு முடிவு சொன்னது: பெண்கள் தமக்குள் இணங்கி வாழ்வதைக் குற்றமாக்குவது அந்தச் சமவாயத்தை மீறுவதாகும், இலங்கை இதை நீக்க வேண்டும். உலகத்திலேயே இந்தக் குழு அப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை.

அதே 2022இல் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தத் தனியார் சட்டமூலமொன்றை முன்வைத்தார். அது அரசியலமைப்புக்கு முரண் என்று சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். முரண் இல்லை என்ற தீர்மானம் 2023 மே 9இல் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சாதாரணப் பெரும்பான்மை வாக்குகளே போதுமாயிருந்தது. ஆயினும் வாக்கெடுப்பு வரை அது போகவில்லை. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. சட்டமூலமும் அத்தோடு நின்றுபோனது.

மதுரையிலிருந்து ஓடிய இரு பெண்கள்

தமிழ் பேசும் தாய் தகப்பன், தமிழ் பேசும் நீதிபதி. அப்படியான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு வரவே சென்னைக்கு ஓடினார்கள். இரு வீட்டாரும் மகளைக் காணவில்லை என்று பொலிஸில் முறையிட்டார்கள். பொலிஸார் தேடத் தொடங்க, பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கேட்டார்கள்.

நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பெழுதவில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளவள ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு, இந்த விடயத்தில் தனக்கே போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் ஓர் உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டறிந்தார். தீர்ப்பு மூளையிலிருந்து அல்ல, மனதிலிருந்து வரவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். 2021 ஜூன் 7இல் கட்டளை வந்தது. சேர்ந்து வாழும் வளர்ந்த இருவரைப் பொலிஸார் தொந்தரவு செய்யக் கூடாது, வைத்தியம் என்ற பெயரில் அவர்களை "மாற்ற" முயலக் கூடாது என்று அதில் இருந்தது. இப்படியானவர்களை இழிவு செய்யாமல் குறிப்பிடத் தமிழில் சொற்பட்டியல் ஒன்றைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டதும் அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான்.

2025 மேயில் அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. 25 வயதுப் பெண்ணொருவரை வீட்டார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய சிநேகிதி ஆட்கொணர்வு மனுப் போட்டார். ஆம், பிள்ளைகளைத் தேடும் எங்கள் தாய்மார் வவுனியா நீதிமன்றத்தில் போட்ட அதே ஆட்கொணர்வு மனுதான். அந்தப் பெண்ணை அவர் விரும்பியவரோடு போக நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் விட்டார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பமாகும் வழி என்றில்லை, தாமே தெரிவு செய்த குடும்பமும் குடும்பமே என்றும் எழுதினார்கள். லைலா சேத் போன்ற தாய் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். இந்திய மாநிலமொன்றின் உயர் நீதிமன்றத்துக்குப் பிரதம நீதிபதியான முதற் பெண் அவர். தன் மகன் தன்பாலீர்ப்புள்ளவர் என்பதை மறைக்காமல், அவருக்காகப் பகிரங்கமாக எழுதிய தாய்.

ஆனால் இந்தியாவிலும் கலியாண எழுத்து இன்னும் இல்லை. 2018 செப்டெம்பர் 6இல் அங்கே இது குற்றமல்ல என்றாகியது. திருமண உரிமை கேட்டுப் போன வழக்கில் 2023 ஒக்டோபர் 17இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றமே என்று கைவிரித்தது. அதன் பிறகு அரசு சில சிறிய கதவுகளைத் திறந்தது. 2024இல் வந்த அறிவித்தல்களின்படி, இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரே ரேஷன் அட்டையில் ஒரு குடும்பமாகலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கலாம், ஒருவர் மற்றவரைப் பின்னுரித்தாளியாகக் குறிக்கலாம். பாருங்கள், சகோதரிகளே: அரிசி, வங்கிப் புத்தகம், பின்னுரிமை. நாங்கள் எந்தக் கடதாசிகளுக்காக அலைந்தோமோ அதே கடதாசிகள்.

உலகத்தில் முதலில் திருமண உரிமையைக் கொடுத்தது 2001இல் நெதர்லாந்து. ஆசியாவில் முதலில் 2019இல் தாய்வான். தெற்காசியாவில் நேபாளத்து உயர்மட்ட நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளைக்குப் பிறகு 2023 நவம்பரில் முதற் பதிவு நடந்தது. 2024 பெப்ரவரியில் அங்கே பர்தியா மாவட்டத்தில் இரண்டு பெண்கள் பதிவு செய்துகொண்டார்கள். நகரம் அல்ல, கிராமம்.

"இது வெள்ளைக்காரன் பழக்கம்தானே?"

பூனாகலையிலும் இதைக் கேட்டார்கள். இப்படி விரும்பும் மனிதர்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பெரியம்மாவே லயத்தில் கண்டதைச் சொன்னாரே. கப்பலில் வந்தது அதைத் தண்டிக்கும் சட்டம். அது 1883இல் வந்தது. பிரித்தானியா தன் நாட்டில் அந்தக் குற்றத்தை நீக்கி, 2014இல் இங்கிலாந்தில் திருமணத்தையும் அனுமதித்துவிட்டது. அவர்கள் கழற்றிப் போட்ட விலங்கை நாங்கள் இன்னும் எங்கள் கலாசாரம் என்று கட்டிப் பிடித்திருக்கிறோம்.

சமய நம்பிக்கையின்படி இதை ஏற்க முடியாது என்று நினைக்கும் வாசகிகளும் இருப்பீர்கள். அந்த நம்பிக்கையை விடும்படி இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆனால் நம்பிக்கை வேறு, ஒரு பிள்ளையைச் சிறைக்கு அனுப்புவது வேறு. விருப்பமில்லாத கல்யாணத்துக்குள் தள்ளப்பட்ட பெண் எப்படி வாழ்வாள் என்பதைப் போர்க்காலத்தில் கண்டோம். இயக்கத்துக்குப் பயந்து கட்டிவைத்த எத்தனை பிள்ளைகள் இன்று தனியே பிள்ளை வளர்க்கிறார்கள்! ஊருக்குப் பயந்து கட்டிவைத்தால் மட்டும் நன்றாக இருக்குமா? அந்தக் கல்யாணத்தில் அகப்படும் ஆண்பிள்ளைக்கும் அது அநியாயமல்லவா?

நினைவில் வைத்திருக்க

உங்கள் மகளோ, தங்கையோ இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் அடிக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். உங்களிடம் சொன்னது உங்களை நம்பித்தான். சாமியாரிடமோ, "மாற்றித் தருகிறோம்" என்பவரிடமோ கொண்டுபோகாதீர்கள். இது நோயல்ல.

பதினெட்டு வயது நிறைந்த எவரையும் அவர் சம்மதமின்றி எவருக்கும் கட்டிவைக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனுக்கு எதிராக மட்டுமல்ல. தகப்பனோ, சகோதரனோ அடித்துத் துன்புறுத்தினாலும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பொலிஸார் மிரட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

கலியாண எழுத்து இல்லாவிட்டாலும் செய்யக்கூடிய எழுத்துகள் சில உண்டு. உங்கள் சொத்தை, அது ஒரு தையல் மெஷினாக இருந்தாலும் சரி, இரத்த உறவில்லாத ஒருவருக்கும் மரணசாசனம் மூலம் எழுதி வைக்கலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சொத்தைப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்து வைக்கக் கூடாது. ஊழியர் சேமலாப நிதியில் உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று பெயர் குறிக்கும் படிவம் இருக்கிறது. தோட்டத்து ஒப்பீசில் பெயர் போட்டிருக்கிறதா, யாருடைய பெயர் என்று இப்போதே பாருங்கள். பல வருடத்துக்கு முன் போட்ட பெயர் அப்படியே கிடக்கும். தொழில் அலுவலகத்தில் விசாரித்தால் மாற்றும் முறையைச் சொல்வார்கள்.

கூட்டம் முடியும்போது இருட்டிவிட்டது. பெண்கள் டோர்ச் வெளிச்சத்தில் லயத்துப் பக்கம் இறங்கினார்கள். பெரியம்மா போகும்போது, "நா அப்படி நெனச்சுப் பாக்கல மிஸ்" என்று மட்டும் சொன்னார். ஏற்றுக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஒருவர் மட்டும் பாய் சுருட்டும் சாட்டில் பின்தங்கினார். கூட்டம் முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சேமலாப போர்ம்ல, கூடப் பொறக்காதவங்க பேரையும் போட வழி இருக்கா மிஸ்? வெளியில தெரியாம?"

யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை. தொழில் அலுவலகத்துக்கு எந்தக் கிழமை போகலாம் என்று பேசி முடிவு செய்தோம். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அவர் பின்தங்கி நின்றால் கொஞ்சம் காத்திருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.